பதினான்கு ஆடும் ஒரு கணக்குத் தாளும்

ரெங்கம்மாளுக்கு வேலை கிடைத்தது அவளுடைய ஆடுகள் சுவர் ஏறிக் குதித்ததால்தான்.

கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை போகிற ரோட்டில் கன்னியர்கள் நடத்தும் பெண்கள் பள்ளி ஒன்று இருக்கிறது. ஏழு ஏக்கர் வளாகம். கட்டடம் போக மிச்சமெல்லாம் கரிசல். ஐப்பசியில் நாலு மழை விழுந்தால் போதும், கோரையும் சாரணையும் குப்பைமேனியும் முழங்கால் உயரத்துக்கு மண்டிவிடும். பள்ளியின் பின்சுவரை ஒட்டித்தான் ரெங்கம்மாளின் வீடு. புருஷன் சீனி மணியாச்சியில் தண்டவாள வேலைக்கு ஒப்பந்தக்காரரிடம் போய்க்கொண்டிருந்தான், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவான். மகள் கிருஷ்ணப்ரியா அதே பள்ளியில் பத்தாம் வகுப்பு. இது போக வீட்டில் பதினான்கு ஆடுகள். கரிய உடம்பும் முகத்தில் இரண்டு வெள்ளைக்கோடும் உள்ள, இந்தப் பக்கத்துக்கே உரிய கன்னி ஆடுகள்.

அந்த வருடம் மறைமாவட்டத்திலிருந்து எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. படைப்பைப் பேணுவது நம் கடமை, ஆகவே பள்ளிகள் இயன்றவரை சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாமல் நடந்துகொள்ள வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. தலைமையாசிரியை சிஸ்டர் அமலோற்பவம் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஒரு காரியத்தில் இறங்கினால் அடிவரைக்கும் போய்விடுகிறவர். அந்த ‘இயன்றவரை’ என்ற சொல் அவர் கண்ணில் படவே இல்லை.

முதல் வாரம் பிளாஸ்டிக் போனது. இரண்டாவது வாரம் புதன்கிழமை மின்சாரமில்லா நாள் ஆனது. அன்றைக்கு மின்விசிறி ஓடாது, மின்சார மணியும் அடிக்காது. காவலாளி தங்கச்சாமி ஒரு தண்டவாளத் துண்டை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, பாடவேளைக்குப் பாடவேளை வெளுத்து வாங்கினார். மூன்றாவது வாரம் புல் வெட்டும் மெஷினைப் பூட்டிவைத்தார்கள். அது பெட்ரோல் குடித்துப் புகை கக்குகிறதாம். அரிவாளால் அறுக்க ஆள் தேடினார்கள், ஒருவரும் அகப்படவில்லை. புல் வளர்ந்து, கைப்பந்து மைதானத்தில் பந்து விழுந்தால் விளையாட்டை நிறுத்திவிட்டுத் தேட வேண்டியதாயிற்று.

அப்படி ஒரு காலையில்தான் சிஸ்டர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். பின்சுவரின் மேல் ஏழு ஆடுகள் வரிசையாக நடந்து வந்து, ஒவ்வொன்றாக உள்ளே குதித்தன.

ரெங்கம்மாளுக்கு ஆள் போனது. வசவு வாங்கப் போகிறோம் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டே வந்தாள்.

“ஆடு உங்களோடதா?”

“ஆமா சிஸ்டர். இனிமே வராது. கழுத்துல கட்டையக் கட்டிப் போடுதேன்.”

“கட்டாதீங்க. மொத்தம் எத்தனை இருக்கு?”

“பதினாலு இருக்கு.”

“பதினாலும் வரட்டும். காலைல ஒன்பதிலேர்ந்து சாயங்காலம் நாலு வரைக்கும். பெட்ரோல் வேணாமே அதுங்களுக்கு?”

சிஸ்டர் வேடிக்கை பண்ணுகிறாரோ என்று ரெங்கம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. “தண்ணி மட்டும் காட்டணும் சிஸ்டர்” என்றாள்.

“புகை?”

“புகையெல்லாம் வராது. புழுக்கைதான் வரும்.”

“அது உரம்” என்று சொல்லி சிஸ்டர் குறித்துக்கொண்டார். “என்ன இனம்?”

“கன்னி ஆடு.”

சிஸ்டர் பேனாவை ஒரு கணம் நிறுத்தினார். பிறகு, கன்னியர் மடத்துக்கு அது பொருத்தம்தான் என்று முடிவுசெய்து எழுதிவிட்டார்.

ரெங்கம்மாளுக்குப் பணி நியமனக் கடிதம் வந்தது. ‘சுற்றுச்சூழல் பணியாளர் மற்றும் பதினான்கு உதவியாளர்கள்’ என்று போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்த சீனி அதை இரண்டு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தான். “பன்னெண்டு வருசமா ரயில்வேல சல்லி அள்ளுதேன். எனக்கு ஒரு துண்டுச் சீட்டு குடுக்கல. ஆட்டுக்கு ஆர்டர் போட்டுருக்கான் பாரு” என்று சொல்லிவிட்டு, அன்று முழுக்க ஆடுகளோடு பேசவில்லை.

தங்கச்சாமி முப்பது வருடம் மில் வாசலில் காவல் பார்த்தவர். பதிவேட்டில் எழுதாமல் ஆர்.டி.ஓ. வந்தாலும் உள்ளே விடமாட்டார். முதல்நாள் பதினான்கு ஆடுகளையும் பின்கேட்டில் நிறுத்திவிட்டார்.

“பேரச் சொல்லு.”

“ஆட்டுக்கு என்ன அண்ணாச்சி பேரு? இது கருவாச்சி, அது மொட்டைச்செவி. மத்ததையெல்லாம் ‘ட்ரியோ’ன்னு சத்தம் குடுத்துத்தான் கூப்பிடுவேன்.”

தங்கச்சாமி எழுதினார். வந்தவர் பெயர்: கருவாச்சி. எங்கிருந்து: பின்சுவர். யாரைப் பார்க்க: புல். வந்த நேரம்: 9.05. கையொப்பக் கட்டத்துக்கு வந்ததும் யோசித்தார். கைநாட்டு மைப்பெட்டியை எடுத்து, ஆட்டின் முன்னங்காலைத் தூக்கிக் குளம்பில் மை தடவி அழுத்தினார். பதினான்கு ஆட்டுக்கும் முடிய பத்தரை மணி ஆயிற்று. இப்படி நான்கு நாள் நடந்தது. ஐந்தாம் நாள், மையில் ரசாயனம் இருக்கிறது என்று சிஸ்டர் தடுத்தார். தங்கச்சாமி அன்றிலிருந்து கையொப்பக் கட்டத்தில் ‘மறுத்துவிட்டார்’ என்று எழுதிவந்தார்.

அடையாள அட்டையும் கொடுத்தார்கள். பிளாஸ்டிக் கூடாது என்பதால் துணியில் கஞ்சி போட்டு விறைப்பாக்கி, பெயர் எழுதிக் கழுத்தில் தொங்கவிட்டார்கள். மதியத்துக்குள் ஒன்றின் அட்டையை இன்னொன்று தின்று முடித்திருந்தது. எந்த ஆடு யாருடைய அட்டையைத் தின்றது என்று விளக்கம் கேட்டு ரெங்கம்மாளுக்கு ஒரு கடிதம் வந்தது. பழைய கடிதம் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதியிருந்தார்கள்.

வேலை என்னவோ நன்றாக நடந்தது. ஒரே மாதத்தில் மைதானம் வழித்துவிட்டது போல ஆனது. பந்து கண்ணுக்குத் தெரிந்தது. ரெங்கம்மாள் கையில் கம்போடு வேப்பமரத்தடியில் நின்றால் ஆசிரியைகள் “வணக்கம்மா” என்று சொல்லிப் போனார்கள். அவள் ஆயுளில் இவ்வளவு வணக்கம் கேட்டதில்லை. கிருஷ்ணப்ரியாவுக்குத்தான் தாங்கமுடியவில்லை. வகுப்பில் அவளை ‘உதவியாளர் தங்கச்சி’ என்று கூப்பிட்டார்கள். அம்மாவோடு சேர்ந்து பின்கேட்டுக்குள் நுழையக்கூடாது என்பதற்காக அரை மைல் சுற்றி முன்வாசல் வழியாக வந்தாள்.

மார்கழியில் அரையாண்டுத் தேர்வு முடிந்தது. அதற்கடுத்த புதன்கிழமைதான் அது நடந்தது.

கணக்கு ஆசிரியர் ஹரிகிருஷ்ணன் பத்தாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்தி முடித்திருந்தார். நாற்பத்தொரு தாள். மின்சாரமில்லா நாள் என்பதால் ஆசிரியர் அறையில் இருட்டும் புழுக்கமும். ஆகவே வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிளாஸ்டிக் உறை கிடையாது என்பதால் தாள்களை வாழைநாரால் கட்டியிருந்தார். மதிப்பெண் பட்டியலில் இன்னும் ஏற்றவில்லை. காகிதத்தை மிச்சம் பிடிப்பதற்காகப் பட்டியலை வெள்ளிக்கிழமை மட்டுமே எடுக்கலாம் என்று விதி. தங்கச்சாமி தண்டவாளத்தை அடித்தார். ஹரி சார் எட்டாம் வகுப்புக்கு ஓடினார். கட்டு பெஞ்சிலேயே இருந்துவிட்டது.

ஆடுகளுக்கு வாழைநார் என்றால் உயிர். நாரைத் தின்ற பிறகு தாளை விடுவதற்கு ஒரு காரணமும் இல்லை. ரெங்கம்மாள் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது பதினான்கும் பெஞ்சைச் சுற்றி நின்று, பந்தியில் உட்கார்ந்த மாதிரி அமைதியாக மென்றுகொண்டிருந்தன. மொட்டைச்செவியின் வாயோரத்தில் ஒரு வட்டத்தின் பாதி தெரிந்தது. ஓடிப்போய் விரட்டினாள். பெஞ்சில் ஒரே ஒரு தாள் மிஞ்சியிருந்தது. எடுத்துப் பார்த்தாள். மேலே சிவப்பு மையில் 34. கீழே பெயர்: சீ. கிருஷ்ணப்ரியா.

தேற முப்பத்தைந்து வேண்டும்.

மாலையில் சிஸ்டர், காகிதம் வீணாகாமல், மைதானத்துக் கரும்பலகையில் அறிவிப்பு எழுதினார்: ‘ஆட்டால் உண்ணப்பட்ட விடைத்தாள்களுக்கு மட்டும் மறுதேர்வு நடைபெறும்.’ நாற்பது பெண்கள் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து பையை எறிந்தாள் கிருஷ்ணப்ரியா. “ஒன் ஆடு நாப்பது பேரு பேப்பரத் தின்னுருக்கு. எம் பேப்பர மட்டும் விட்டுருச்சு. நான் அதுக்கு என்னம்மா செஞ்சேன்?”

“ஏட்டி, ஆட்டுக்கு அது ஒன் பேப்பருன்னு எப்பிடித் தெரியும்?”

“தெரியும். வேணும்னே பண்ணிருக்கு. இங்கன நின்னு முழிக்குது பாரு, கருவாச்சி!”

ரெங்கம்மாளுக்குக் காரணம் பிடிபட்டுவிட்டது. தன் கொட்டில் வாடை அடிக்கிற எதிலும் ஆடு வாய் வைக்காது. கிருஷ்ணப்ரியாதான் தினமும் விடியற்காலையில் கொட்டிலைக் கூட்டி, புழுக்கை அள்ளிவிட்டுப் பள்ளிக்குப் போகிறாள். எவ்வளவு சோப்புப் போட்டாலும் விரலில் அந்த வாடை நிற்கும். மூன்று மணி நேரம் அந்தக் கையை ஊன்றி எழுதிய தாள். மற்ற பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பார்த்த நேரத்தில் இவள் கொட்டில் கூட்டினாள். மார்க் குறைந்ததும் அதனால்தான், தாள் தப்பியதும் அதனால்தான். இதை மகளிடம் எப்படிச் சொல்வது என்று ரெங்கம்மாளுக்குத் தெரியவில்லை. சொல்லாமல் சோற்றைப் பிசைந்து வைத்தாள்.

மறுநாள் கருவாச்சியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு தலைமையாசிரியை அறைக்கு வந்தாள். தங்கச்சாமி பதிவேட்டில் ‘யாரைப் பார்க்க: சிஸ்டர், நேரில்’ என்று எழுதி அனுப்பினார்.

“சிஸ்டர், எம்பிள்ள பேப்பரையும் ஆடு தின்னுட்டா அவளுக்கும் மறுபரீட்ச உண்டுல்லா?”

சிஸ்டர் கரும்பலகை வாசகத்தை மனதுக்குள் ஒருமுறை படித்துப் பார்த்தார். அதில் எப்போது தின்றிருக்க வேண்டும் என்று இல்லை. “உண்டு. ஆனா சாட்சி வேணும்” என்று சொல்லி ஹரி சாரைக் கூப்பிட்டனுப்பினார்.

ஹரி சார் தாளோடு வந்து நின்றார். ரெங்கம்மாள் அதை வாங்கிக் கருவாச்சியின் மூக்கருகே நீட்டினாள். கருவாச்சி மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. “தின்னு ட்டி, ஏட்டி, தின்னு” என்று தாடையைத் தடவினாள். இடுப்பில் முடிந்து கொண்டுவந்திருந்த கடலைப் பிண்ணாக்கைத் தண்ணீரில் குழைத்துத் தாளில் பூசினாள். கருவாச்சி பிண்ணாக்கை மட்டும் நுனிநாக்கால் நக்கி எடுத்தது. தாளில் ஒரு எழுத்துக்கூடச் சேதமில்லை. பிறகு அது மேசைமேல் முன்னங்கால்களை வைத்து, அங்கே இருந்த மறைமாவட்டச் சுற்றறிக்கையை முழுதாக வாய்க்குள் இழுத்துக்கொண்டது.

கருவாச்சி மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

“பதினாலு ஆடு இருக்கே, வேற ஏதாவது…” என்றார் ஹரி சார்.

“எல்லாம் ஒரே கொட்டில்தான் சார். ஒண்ணும் தொடாது.”

“அப்போ நான் ஒண்ணும் செய்ய முடியாதும்மா” என்றார் சிஸ்டர். அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. “எழுதிப் போட்டாச்சு.”

ரெங்கம்மாள் தாளைப் பார்த்தாள். நாலாக மடித்தாள். இன்னொரு தடவை மடித்தாள். வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தாள்.

“அம்மா! என்ன பண்றீங்க?” என்று சிஸ்டர் எழுந்துவிட்டார். ரெங்கம்மாள் பொறு என்று கையைக் காட்டினாள். எட்டுப் பக்கத் தாள், அத்தனை சுலபமாக இல்லை. கண்ணில் நீர் முட்ட, கழுத்தை நீட்டி நீட்டி, கடைசியில் விழுங்கிவிட்டாள். ஹரி சார் தன் தண்ணீர்ச் செம்பை நீட்டினார். குடித்துவிட்டு மூச்சு வாங்கிக் கேட்டாள்:

“ஆட்டுக்காரி தின்னா ஆடு தின்ன மாதிரி ஆவாதா சிஸ்டர்?”

சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் கோத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தார். ஜெபம் சொல்கிறாரா சிரிப்பை அடக்குகிறாரா என்று ஹரி சாரால் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு கேட்டார்: “சார், கிருஷ்ணப்ரியாவோட விடைத்தாள் இருக்கா?”

“இல்ல சிஸ்டர்.”

“இல்லாத தாளுக்கு மார்க் எப்படிப் போடுவீங்க?”

கரும்பலகை வாசகம் கொஞ்சம் நீண்டது: ‘ஆட்டாலும் ஆட்டைச் சார்ந்தோராலும்.’

மறுதேர்வுக்குப் புதிதாகக் கேள்வித்தாள் அச்சடித்தால் காகிதம் வீண் என்பதால் பழைய கேள்வித்தாளையே கொடுத்தார்கள். நாற்பத்தொரு பேரும் தேறினார்கள். அந்தப் பள்ளி வரலாற்றில் கணக்கில் அப்படி ஒரு தேர்ச்சி இருந்ததில்லை. கிருஷ்ணப்ரியாவுக்கு எழுபத்தொன்று. அந்த ஒரு வாரமும் ரெங்கம்மாள் அவளைக் கொட்டில் பக்கம் விடவில்லை, தானே கூட்டினாள்.

மார்க் வந்த அன்றைக்குக் கிருஷ்ணப்ரியா அடுப்படியில் வந்து நின்றாள்.

“எப்பிடிம்மா இருந்துச்சு, பேப்பரு?”

“பிண்ணாக்கு ருசிதான். அந்த முப்பத்திநாலு கெடந்துச்சுல்லா, அதுதான் தொண்டையில நின்னுக்கிடுச்சு.”

கிருஷ்ணப்ரியா சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. அடுத்த நாள் அரை மைல் சுற்றவில்லை. அம்மாவோடும் பதினான்கு ஆடுகளோடும் கேட்டுக்கு வந்து, தங்கச்சாமியிடம் பெயரையும் சொன்னாள். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பதிவு தேவையில்லை என்று அவர் சொல்லியும் கேட்கவில்லை.

மாசியில், சிறந்த பசுமைப் பள்ளிக்கான பரிசுக்காகப் பார்வையிட ஆள் வந்தது. மறைமாவட்டம் தூத்துக்குடியிலிருந்து அல்ஃபியா என்ற சுற்றுச்சூழல் பொறியாளரை அனுப்பியிருந்தது. கையில் ஒரு டேப்லெட்டோடு, வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டு வந்தார். பள்ளியின் விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்பியது ஹரி சார். அந்தப் படிவத்தில் ஆட்டுக்கு என்று ஒரு இடமும் இல்லாததால், ‘புல் வெட்டும் இயந்திரம்’ என்ற கட்டத்தில் 14 என்றும், எரிபொருள் ‘மற்றவை: தாவரம்’ என்றும் போட்டிருந்தார்.

“பதினாலு மெஷின், தாவர எரிபொருள்” என்று அல்ஃபியா ஆர்வமாகக் கேட்டார். “நான் இந்த ஜில்லால எங்கயும் பாத்ததில்ல. எத்தன குதிரைத்திறன்?”

“குதிரையெல்லாம் இல்லம்மா” என்றாள் ரெங்கம்மாள். “எல்லாம் கன்னி ஆடு.”

அல்ஃபியா கண்ணாடியைக் கழற்றினார். மைதானத்தில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவர் விரலால் எண்ணினார். “பதினாலுன்னு போட்டிருக்கீங்க. பதினேழு நிக்குதே?”

“மூணு போன வாரம் போட்டதும்மா.”

“யாரு வாங்கிப் போட்டா?”

“கருவாச்சி ரெண்டு, மொட்டைச்செவி ஒண்ணு.”

அல்ஃபியா சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர், ஹரி சாரைப் பார்த்தார். ஹரி சார் தண்டவாளத் துண்டைப் பார்த்தார். அல்ஃபியா நேர்மையான ஆள், சிரித்துவிட்டுப் போக மனமில்லை. டேப்லெட்டில் ‘இயந்திரம் தானாகப் பெருகுகிறது’ என்று தட்டிவிட்டு, அடுத்த கட்டத்தைத் திறந்தார்.

“ஒரு சிக்கல் இருக்கு. ஆடு அசை போடும்போது ஏப்பத்துல மீத்தேன் வரும். அது வெப்பத்தக் கூட்டுத வாயு. அதக் கணக்குல எடுக்கணும். ஒரு ஆடு மணிக்கு எத்தன ஏப்பம் விடும்?”

இதுவரை யாரும் ரெங்கம்மாளிடம் அதைக் கேட்டதில்லை. “எங்க ஆடு மரியாதையான ஆடும்மா. வெளிய தெரியாமத்தான் விடும்” என்றாள் கொஞ்சம் ரோஷமாக. ஆனால் சிஸ்டர் விடவில்லை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பதினேழு பெண்கள் ஆளுக்கு ஒரு சிலேட்டோடு ஆளுக்கு ஒரு ஆட்டின் முன்னால் உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரம் மைதானத்தில் மூச்சுச் சத்தமில்லை. ஆடுகள், தங்களை இத்தனை பேர் இவ்வளவு உன்னிப்பாகப் பார்ப்பதைப் பார்த்து மேய்ச்சலை விட்டுவிட்டன. முடிவில் சிலேட்டுகளை வாங்கிப் பார்த்தால் மொத்தம் ஆறு ஏப்பம். அதில் இரண்டு, ஒரு மாணவியுடையது என்று பிறகு தெரிந்தது.

அல்ஃபியா நான்கு என்று போட்டுக்கொண்டார்.

பரிசு கிடைக்கவில்லை. தூத்துக்குடியில் சோலார் தகடு போட்ட பள்ளிக்குப் போய்விட்டது. ஆனால் அல்ஃபியா தன் அறிக்கையில் ஒரு பக்கம் முழுக்க ரெங்கம்மாளைப் பற்றி எழுதியிருந்தார். ‘இவ்வியந்திரங்களை இயக்குபவர் மிகுந்த தேர்ச்சி பெற்றவர்’ என்று ஒரு வரி. அதைப் படித்துவிட்டுக் கடம்பூரில் ஒரு பள்ளியிலிருந்து, தங்களுக்கு நான்கு இயந்திரங்கள் பத்து நாளைக்கு வேண்டும், இயக்கும் முறை பற்றிய குறிப்பும் சேர்த்து அனுப்பவும் என்று கேட்டிருந்தார்கள். அவர்கள் கேலியாகக் கேட்டார்களா, நிஜமாகவே கேட்டார்களா என்று யாருக்கும் தெரியவில்லை. சிஸ்டர் நிஜம் என்றே எடுத்துக்கொண்டார்.

குறிப்பைக் கிருஷ்ணப்ரியாதான் எழுதினாள். அம்மா சொல்லச் சொல்ல, பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில். “தண்ணி உச்சி வெயிலுக்கு முன்னாடி ஒரு தரம், பின்னாடி ஒரு தரம் காட்டணும்னு போடு. பூச்செடிப் பக்கம் விட்டா நாங்க பொறுப்பில்லன்னு போடு. வேற என்ன ட்டி?”

“எப்பிடி ஆன் பண்ணணும்னு கேப்பாங்கம்மா.”

ரெங்கம்மாள் யோசித்தாள். “ஆன் பண்ண வேண்டாம்னு எழுது. ஆஃப் பண்ண முடியாதுன்னும் எழுதிரு.”

சனிக்கிழமை காலையில் ஒரு லோடு ஆட்டோவில் நான்கு ஆடுகளை ஏற்றிக்கொண்டு இருவரும் கடம்பூர் போனார்கள். தலைமையாசிரியர் குறிப்பை வாங்கி மூக்குக்கண்ணாடி போட்டு முழுக்கப் படித்தார், ஒப்புக்கொண்டதாகக் கீழே கையெழுத்தும் போட்டார். ஆடுகளை விட்டுவிட்டு ரயிலுக்குத் திரும்பும்போது ரெங்கம்மாள் ஸ்டேஷன் பக்கத்தில் போளி வாங்கினாள். ரயில் வர நேரமிருந்தது. இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து சூட்டோடு தின்றார்கள்.